செய்மதிக்கு எழுதிய முதல் வரி

அந்தப் போனை மகள் வாங்கித் தந்தபோது நான் நன்றி சொல்லவில்லை, ஏசினேன். இருக்கிற போன் நன்றாகத்தானே வேலை செய்கிறது, ஏன் பிள்ளை காசைக் கரியாக்குகிறாய் என்று கேட்டேன். அவள் வெலிங்டனில் வேலை பார்க்கிறாள், தனியாக இருக்கிறாள், வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் ஆக்லாந்துக்கு வருவாள். வந்தவள் எங்கள் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுப் பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, சிக்னல் இல்லாத இடத்திலும் இந்தப் போன் வானத்தில் சுற்றுகிற செய்மதியைப் பிடித்து அவசர உதவிக்குச் செய்தி அனுப்பும் என்று காட்டினாள். கதைக்க முடியாது, எழுத மட்டும்தான் முடியும். தலைக்கு மேலே வானம் தெரியவேண்டும். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று திரை சொல்லும், அது சொல்லும் திசைக்குப் போனைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். ஏதும் நடந்தால் தகவல் போகவேண்டிய ஆளாகத் தன் பெயரையும் அதற்குள் போட்டுவைத்தாள்.

என் மனிசன் பின்படியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "உன்ரை அம்மாவுக்கு வானத்தைப் பாத்து ஏச இனி ஒரு மெஷினும் கிடைச்சிட்டுது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லிப் பாதியிலேயே உள்ளே போய்விட்டேன்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பென்ரோஸில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அறுபத்தொரு வயது. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. குளிசை போதாமல் போய், போன வருடம் இன்சுலின் ஊசிக்கு மாற்றினார்கள். அதன் பிறகு மூன்று தடவை சீனி கீழே இறங்கி ஆள் தடுமாறியிருக்கிறார். ஒருநாள் குசினியில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நின்றார். ஜூஸைப் பருக்கிவிட்டு, கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருமாக அதைச் சொல்லிச் சிரித்தோம். மகளுக்குச் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பாள். எப்படி இருக்கிறீர்கள் என்பாள். நாங்கள் சுகம், நீ எப்படி என்பேன். நானும் நல்லாய் இருக்கிறேன் என்று இங்கிலீஷில் சொல்வாள். பிறகு மழையைப் பற்றிக் கதைப்போம்.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் பகலில் ஒன்றும் உண்ணாமல், பின்னேரம் பூசை முடிந்தபின் பாலும் பழமும் மட்டும் எடுப்பது எங்கள் இரண்டு பேருக்கும் கலியாணம் செய்த காலம் தொட்டு வழக்கம். இந்த முறை வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனிசன் கேட்கவில்லை. ஊசி மருந்தைத் தானே ஒரு கணக்கில் குறைத்துக்கொள்கிறேன், முருகன் பார்த்துக்கொள்வார் என்றார். நான் மறித்தேனா என்று கேட்டால், ஒரு தடவை மறித்தேன். இரண்டாம் தடவை மறிக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அவர் பிடிக்கவேண்டும் என்றுதான் இருந்தது.

மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் லீவு. வீட்டில் இருந்தால் பசியைத்தான் நினைப்போம், வாரும் ஒரு நடை நடந்துவிட்டு நேரே கோயிலுக்குப் போவோம் என்றார். மேற்கே வைட்டாக்கரே மலைக்காட்டுக்குப் போனோம். காரை நிறுத்தும் இடத்துக்கு வருமுன்பே போனில் சிக்னல் போய்விட்டது. அதை யார் பார்த்தது? பாதை வாசலில் எல்லாரையும் போலச் சப்பாத்தைத் தேய்த்து, அந்தக் காட்டின் பழைய கவுரி மரங்களுக்கு நோய் பரவாமல் இருக்க வைத்திருக்கும் மருந்தை அடித்துக்கொண்டு உள்ளே போனோம். வார நாள், தூறல் வேறு. எங்களைத் தவிர ஒரு குருவியும் இல்லை.

என் பையில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் மழைச்சட்டையும் போனும் இருந்தன. விரதகாரர் இரண்டு பேர் எதற்குத் தின்பண்டம் கட்டிக்கொண்டு போவார்கள்? ஆனால் அந்தப் பையில் எப்போதும் குளுக்கோஸ் வில்லைகள் ஒரு சின்னக் குழாயில் கிடக்கும். அவருக்காக வாங்கி நான்தான் போட்டு வைத்திருந்தேன். அன்று காலை அதை எடுத்து வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நியூ லின் மோலில் நான் வேலை செய்யும் தையல் கடையில், முதல்நாள் பசி பொறுக்காமல் கை தானாக அந்தக் குழாய்க்குப் போய்விட்டது. விரதத்தைக் கெடுக்கப் பார்த்தேனே என்று என்மீதே எனக்கு ஆத்திரம். அதனால் எடுத்து வைத்தேன். என் வாய்க்குப் பயந்து எடுத்து வைத்தேன், அவரை நினைக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் நடந்திருப்போம். அவர் எப்போதும் நாலு அடி முன்னால்தான் நடப்பார். திடீரென்று நின்றார். நான் கிட்டப் போனபோது, "பஸ் இன்னும் வரேல்லையே" என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்து எந்த பஸ் என்று கேட்டேன். முகத்தைப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் நெற்றி, கழுத்து எல்லாம் வேர்த்து வழிந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை. முழங்கால் மடிந்து அப்படியே சேற்றில் இருந்தார், பிறகு பக்கவாட்டில் சரிந்தார். எனக்கு விளங்கிவிட்டது. பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். அவருடைய காற்சட்டைப் பைகளைத் தடவினேன். கோயிலில் தந்த திருநீற்றுப் பொட்டலம் ஒன்றுதான் இருந்தது. திருநீற்றைத் தின்னக் கொடுக்கவா முடியும்? நெற்றியில் பூசிவிட்டு, "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்று கன்னத்தில் தட்டினேன். ஏதோ முனகினார். தண்ணீரை வாயருகே பிடித்தேன், விழுங்கத் தெரியவில்லை, ஓரத்தால் வழிந்தது.

அவசர உதவிக்கு 111ஐ அடித்தேன். போகவில்லை. திரும்ப அடித்தேன், போகவில்லை. திரையின் கீழே செய்மதி வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம் என்று ஒரு வரி வந்தது. பின்வளவில் மகள் காட்டியது ஞாபகம் வந்தது. அழுத்தினேன். என்ன நடந்தது, யாருக்கு நடந்தது, அவர் விழித்திருக்கிறாரா, மூச்சு விடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. கண் பாதி திறந்திருந்தபடியால் விழித்திருக்கிறார் என்பதை அழுத்தினேன். எல்லாம் முடிந்தபின், மரங்கள் மறைக்கின்றன, வானம் தெரியும் இடத்துக்குப் போ என்றது.

மேலே பார்த்தேன். இலை, இலைக்கு மேல் இலை. வந்த வழியில் ஒரு வளைவில் மண் சரிந்து மரங்கள் விழுந்து வெளியாகக் கிடந்தது ஞாபகம் இருந்தது. நூறு, நூற்றைம்பது அடி இருக்கும். அங்கே போனால் இவரைத் தனியே விடவேண்டும். இங்கேயே நின்றால் செய்தி போகாது. என் சீவியத்தில் இவ்வளவு பயந்தது இல்லை. ஊரில் ஷெல் விழுந்த நாட்களில்கூட இரண்டு பேரும் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தோம். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மழைச்சட்டையால் போர்த்தி, இதோ வந்துவிடுகிறேன் என்று காதில் சொல்லிவிட்டு ஓடினேன். ஐம்பத்தேழு வயதில், சேற்றில், அப்படி ஓடினேன்.

சரிவின் ஓரத்தில் வானம் இருந்தது. போனைத் தூக்கினேன். இடது பக்கம் திரும்பு என்றது, திரும்பினேன். இன்னும் கொஞ்சம் என்றது. பிடித்துக்கொண்டது. என் பதில்கள் மெல்ல மெல்லப் போயின. போய்ச் சேர்ந்ததும், என்ன உதவி வேண்டும் என்று மறுபக்கத்தில் ஒரு ஆள் எழுதினார். யாரோ, எந்த நாட்டிலோ, ஒரு மேசைக்கு முன்னால் இருக்கிற ஆள். என் கை எழுதத் தொடங்கியது.

என்ன எழுதினேன் என்று பின்னர் பலமுறை வாசித்திருக்கிறேன். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: வணக்கம் ஐயா. நாங்கள் சுகம். கணவர் விரதம், கொஞ்சம் களைப்பாகப் படுத்திருக்கிறார். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

இப்போது வாசிக்கும் உங்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வருகிறது. ஆனால் அந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. கலியாணம் செய்து இரண்டாம் வருடம் அவர் வெளிநாட்டுக்கு ஓடினார், நான் நாலு வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். மாதத்துக்கு ஒரு கடிதம். எல்லாக் கடிதத்துக்கும் முதல் வரி நாங்கள் சுகம் என்பதுதான். குசினிக் கூரை பறந்த கிழமையும் நாங்கள் சுகம் என்றே எழுதினேன். அவர் நிமோனியாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து நான் சுகம் என்று எழுதினார். தூரத்தில் இருக்கிறவனைக் கலங்கவைத்து என்ன பிரயோசனம்? அதைவிட, அதிகாரத்தில் இருக்கிறவனிடம் எப்போதும் குறைத்துத்தான் சொல்லவேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில், அதிலும் பாதி. சோதனைச் சாவடியில் பழகினது, விசா அலுவலகத்தில் பழகினது. அந்தப் பழக்கம் அவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்து அன்று என் பெருவிரலுக்கு வந்தது.

பதில் வரச் சில நிமிடம் எடுத்தது. அதற்குள் ஒருமுறை ஓடிப்போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். மூச்சு இருந்தது, ஆனால் கூப்பிட்டதற்கு இப்போது முனகலும் இல்லை. கண் மூடிவிட்டது. திரும்பி வந்து போனைத் தூக்கினால், நீங்கள் சுகமாக இருப்பது மகிழ்ச்சி, சற்று ஓய்வெடுத்தபின் அவரால் உங்களுடன் கார் வரை நடந்துவர முடியுமா என்று எழுதியிருந்தது.

அந்த ஆளில் பிழையில்லை. நான் எழுதியதை அவர் நம்பினார், அவ்வளவுதான். எனக்கு என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும் போல இருந்தது. அடி விசரி, யாருக்கடி நடிக்கிறாய் என்று சத்தம் போட்டே கேட்டேன். உண்மையை எழுது. எழுதத் தொடங்கினேன். சீனி வருத்தம். காலையில் ஊசி போட்டார். நேற்று இரவில் இருந்து சாப்பாடு இல்லை. எழும்புகிறார் இல்லை. இனிப்பு எங்களிடம் இல்லை. அதற்கு அடுத்த வரியில் கை நின்றுவிட்டது.

வெளியே போகும்போது போகிறேன் என்று சொல்லாத வீடு எங்களுடையது, போயிட்டு வாறன் என்றுதான் சொல்வோம். விளக்கு அணைந்தது என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லை, அதுவும் கட்டினவனைப் பற்றி, என் கையால் எழுதினால் அது நடந்துவிடும் என்று பயந்தேன். இது முட்டாள்தனம் என்று தெரியும். தெரிந்தும் விரல் போகவில்லை. கீழே மரங்களுக்குள் அவர் தனியே கிடந்தார். முருகா, இது நான் விரும்பி எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டு எழுதினேன்.

அவர் சாகிறார். வாருங்கள்.

அனுப்பும்போது செய்மதி கைவிட்டது. வலது பக்கம் திரும்பு என்றது. திரும்பினேன், மலை மறைத்தது. சரிவின் விளிம்புக்கு இறங்கினேன், கால் மண்ணோடு வழுக்கியது. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் போனைத் தூக்கி நின்றேன். மழைத்துளி விழுந்து திரை குழம்பியது, சட்டையில் துடைத்தேன். செய்தி போவதைக் காட்டும் நீலக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது, நடுவில் நின்றது, பிறகும் நகர்ந்தது. போய்விட்டது என்று காட்டியது. நான் அழவில்லை. அழுதால் கை நடுங்கும் என்று தெரியும்.

ஹெலிகொப்டர் புறப்படுகிறது, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நிறமான துணி இருந்தால் வெளியான இடத்தில் விரித்துவையுங்கள் என்று பதில் வந்தது. கோயிலுக்கென்று ட்ராக் பாண்ட்ஸுக்கு மேலே கட்டிக்கொண்டு வந்த சிவப்புச் சால்வையை அவிழ்த்து மண்ணில் விரித்துக் கல் வைத்தேன். ஓடிப்போய் அவருடைய தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணிக்கை பிழைத்தால் திரும்ப ஒன்றில் இருந்து தொடங்கினேன். நடுவில் அவரை ஏசினேன். உங்களுக்கு விரதம் கேட்டதோ, முருகன் பார்த்துக்கொள்வார் என்றீர்களே, எங்கே உங்களுடைய முருகன் என்று ஏசினேன். குழாயை மேசையில் வைத்துவிட்டு வந்ததையும் சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்காது.

சத்தம்தான் முதலில் வந்தது. காடு முழுக்க ஆடியது. சிவப்புச் சால்வை கிடந்த இடத்தில் கயிற்றில் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண். நான் வாயைத் திறக்குமுன் அந்தப் பெண் விரலைக் குத்திச் சீனியைப் பார்த்தாள், கையில் குளுக்கோஸ் ஊசியை ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். என் மனிசன், சேற்றில் கிடந்தபடி, நல்லாய் இருக்கிறேன், நன்றி என்று இங்கிலீஷில் அழகாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "விரதம் முறிஞ்சு போச்சுதேப்பா" என்றார். அப்போதுதான் நான் அழுதேன். குழறி அழுதேன். அந்த ஆண் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே மகள் விமானத்தில் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். அவளைக் கண்டதும் என் வாய், "ஒண்டுமில்லை பிள்ளை, அப்பா சுகம்" என்றது. அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். நானும் அந்த ஆளும் எழுதிக்கொண்டது முழுவதும் அவளுக்கும் போயிருந்தது. அவசர ஆள் என்று அவள் பெயரைத்தானே போட்டிருந்தாள். அலுவலகத்தில் கூட்டத்தில் இருந்தபோது முதலில் நாங்கள் சுகம் என்று வந்திருக்கிறது. சிரித்தாளாம். அம்மா தெரியாமல் அழுத்திவிட்டாள் என்று நினைத்தாளாம். பிறகு அவர் சாகிறார் என்றும், ஹெலிகொப்டர் புறப்படுகிறது என்றும் வந்திருக்கிறது. அதன் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எந்தத் தகவலும் இல்லை. எடுத்தால் போன் போகவில்லை. அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி அவள் வேறு ஒன்றும் சொல்லவில்லை. முதல் வரியை ஏன் எழுதினீர்கள் என்று மட்டும் கேட்டாள். பழக்கம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தகப்பனுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். நாலாம் நாள் திரும்பிப் போனாள்.

அடுத்த ஞாயிறு வழமை போல எடுத்தாள். நான் அடுப்பில் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்றாள். நாங்கள் என்று தொடங்கிவிட்டேன். மற்றச் சொல் வாயில் நின்றது. மண்சரிவில் வேரைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

"சுகமில்லை பிள்ளை" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். போன வருடத்தில் மூன்று தடவை சீனி இறங்கியதைச் சொன்னேன். அவர் படுத்திருக்கும்போது மூக்கில் கைவைத்துப் பார்ப்பதைச் சொன்னேன். குளுக்கோஸ் வில்லைகளை மேசையில் வைத்துவிட்டுப் போனது நான்தான், என் பசிக்குப் பயந்து வைத்துவிட்டுப் போனேன், அவர் செத்திருந்தால் அது என்னால்தான் என்று சொன்னேன். அதை இன்னும் அப்பாவுக்குச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன்.

போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை, இருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது. இங்கே பிறந்த பிள்ளை, தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நானும் நல்லாய் இருக்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்ன பிள்ளை.

"அம்மா," என்றாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். "நானும் சுகமில்லை. கன நாளா."

நான் அடுப்பை அணைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "சொல்லு பிள்ளை, எல்லாம் சொல்லு" என்றேன்.